வாய் இருக்கிறது, கை எங்கே?

சென்ற ஆண்டு பொங்கலுக்கு முந்தைய நாள் வீட்டில் மிக்ஸி நின்றுபோனது. வாங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. கஸ்டமர் கேர் எண்ணை அழுத்தினால் பாட்டு மட்டும் கேட்டது. பண்டிகை நேரம், யாரைக் குறை சொல்ல? மகள்தான் வழி சொன்னாள்: "அப்பா, அவங்க இன்ஸ்டா பேஜ்ல போய்க் கேளுங்க. நாலு பேர் பார்க்கக் கேட்டாதான் பதில் வரும்."

போய்ப் பார்த்தேன். பொங்கிவழியும் பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, ஓரத்தில் நிறுவனத்தின் முத்திரை என்று வாழ்த்துப் பதிவு அழகாக இருந்தது. அதன்கீழ் என் குறையை எழுதினேன். இரண்டே நிமிடத்தில் பதில் வந்துவிட்டது: "வணக்கம்! தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். விவரங்களை டிஎம் செய்யவும்." அசந்துபோனேன். பிறகுதான் கவனித்தேன், எனக்கு மேலே "இனிய பொங்கல் வாழ்த்துகள்" என்று எழுதியிருந்தவருக்கும் அதே பதில்தான் போயிருந்தது. அவருடைய சிரமத்துக்கும் சேர்த்து வருந்தியிருந்தார்கள்.

டிஎம் அனுப்பினேன். புகார் எண் ஒன்று வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை. அந்தப் பக்கத்தை நடத்துகிறவர் எங்கோ ஒரு ஏஜென்சியில் இருக்கும் இளைஞராக இருக்க வேண்டும். அவரால் எனக்கு ஒரு மெக்கானிக்கை அனுப்ப முடியாது. அனுப்பச் சொல்லி யாரிடமும் கேட்கவும் முடியாது. அவர் வேலை பேசுவது.

நிறுவனங்கள் சமூக ஊடகத்தில் ஏன் ஜெயிக்கின்றன, ஏன் தோற்கின்றன என்ற கேள்விக்கு விளம்பர உலகம் பல விடை வைத்திருக்கிறது. புதுமையான யோசனை, சரியான நேரம், மீம் மொழி, ட்ரெண்டைப் பிடிக்கும் வேகம். இவை எல்லாம் வாய் சம்பந்தப்பட்டவை. நான் பார்த்தவரையில் வெற்றிதோல்வி வேறு இரண்டு உறுப்புகளில் இருக்கிறது. பதில் சொல்பவருக்குக் கேட்கும் காது இருக்கிறதா, கேட்டதைச் செய்துமுடிக்கும் கை இருக்கிறதா? பெரிய நிறுவனங்கள் சிலவற்றின் கதையை இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்.

ஒரு பதார்த்தத்தின் விலை

2021 அக்டோபர். தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர் சொமேட்டோவில் உணவு வரவழைத்தார். பார்சலில் ஒரு பதார்த்தம் குறைந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆப்பின் சாட்டில் பேசினார். உணவகத்தோடு பேசுவதற்கு மொழி தடையாக இருக்கிறது என்றார் ஊழியர். தமிழ்நாட்டில் கடை விரித்தால் தமிழ் தெரிந்தவரை வேலைக்கு வையுங்கள் என்றார் வாடிக்கையாளர். இந்தி தேசிய மொழி, எல்லாருக்கும் அது கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது.

அரசியல் சட்டத்தில் தேசிய மொழி என்று எதுவும் கிடையாது. 343-வது பிரிவு இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழி என்றுதான் சொல்கிறது. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. ஸ்கிரீன்ஷாட் ட்விட்டரில் ஏறியது. சொமேட்டோவைப் புறக்கணிக்கச் சொல்லும் ஹேஷ்டேக் இந்திய அளவில் முன்னுக்கு வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி, வட்டார மொழியில் வாடிக்கையாளர் சேவை தருவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்றார்.

இதில் உறுத்துவது என்னவென்றால், சொமேட்டோ தமிழைப் புறக்கணித்த நிறுவனம் அல்ல. இசையமைப்பாளர் அனிருத்தை மாநிலத்துக்கான விளம்பர முகமாக வைத்துத் தமிழில் விளம்பரம் செய்துகொண்டிருந்தது. விற்கும்போது தமிழ், குறை கேட்கும்போது இந்தி. விளம்பரத் துறைக்கும் சேவைத் துறைக்கும் நடுவே இருந்த சுவரை ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட் வெளிச்சம்போட்டுக் காட்டிவிட்டது.

சொமேட்டோ பதில் கொடுத்த விதத்தில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. மறுநாளே "வணக்கம் தமிழ்நாடு" என்று தொடங்கி, தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்பு அறிக்கை வந்தது. வெறும் வருத்தத்தோடு நிற்கவில்லை. ஆப்பின் தமிழ் வடிவம் தயாராகிறது, கோவையில் தமிழ்ச் சேவை மையம் அமைகிறது என்று செய்யப்போகும் வேலையைப் பெயர் சொல்லி எழுதினார்கள். நெருக்கடி நேர அறிக்கைகளில் இது அபூர்வம். ஆனால் அதே அறிக்கையில் அந்த ஊழியரை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகவும் இருந்தது. சில மணி நேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல், அவரை மீண்டும் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார். சேவை மைய ஊழியர்கள் வேலையைக் கற்றுக்கொண்டிருக்கும் இளையவர்கள் என்றார். அது நியாயம். கையில் எந்த அதிகாரமும் இல்லாதவரைப் பலிகொடுத்துவிட்டு நிறுவனம் கைகழுவக் கூடாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நாட்டில் சகிப்புத்தன்மை இன்னும் கூட வேண்டும் என்ற உபதேசத்தையும் சேர்த்தார். காலையில் கேட்ட மன்னிப்பில் பாதியை அந்த வரி தின்றுவிட்டது.

இத்தனை புயலுக்கும் தொடக்கம் பார்சலில் குறைந்த ஒரு பதார்த்தம். அதன் விலையைத் தன் பொறுப்பில் திருப்பித் தரும் உரிமை அந்தச் சாட் ஊழியருக்கு இருந்திருந்தால் தேசிய மொழி வரைக்கும் பேச்சு போயிருக்காது. கை இல்லாத இடத்தில் வாய் நீளும்.

கை இருந்தும் காது இல்லை

அப்படியென்றால் எல்லா அதிகாரமும் உள்ள முதலாளியே இறங்கிப் பேசினால் தீர்ந்துவிடுமா? 2024 அக்டோபரில் ஓலா எலெக்ட்ரிக் அதற்கு விடை சொன்னது.

இந்த நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டோடு நேரடி உறவு உண்டு. அதன் ஸ்கூட்டர்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள ஆலையில் தயாராகின்றன. வண்டிகள் பழுதுபார்க்கக் காத்துக்கிடக்கின்றன என்ற புகார் நாடு முழுக்க இருந்த நேரத்தில், நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா ஒரு படம் போட்டார். வரிசையாக நிறுத்திவைக்கப்பட்டுத் தூசி படிந்துகொண்டிருந்த ஓலா ஸ்கூட்டர்கள். நிறுவனர் பவிஷ் அகர்வால் தானே பதில் எழுதினார். காசு வாங்கிக்கொண்டு போட்ட பதிவு என்று குற்றம்சாட்டினார். தோற்றுப்போன நகைச்சுவைத் தொழிலில் சம்பாதித்ததைவிடக் கூடுதலாகத் தருகிறேன், வந்து எங்களுக்கு உதவுங்கள் என்றார். உதவ முடியாவிட்டால் சும்மா இருக்கும்படியும் சொன்னார்.

அடுத்த வர்த்தக நாளில் பங்கு விலை சுமார் 8 சதவீதம் விழுந்தது. அதே சமயத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் விளக்கம் கேட்கும் நோட்டீஸும் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஓராண்டில் 10,000-க்கும் மேற்பட்ட புகார்கள் சேர்ந்திருந்தன. விலை சரிந்தது எந்த அளவுக்குச் சண்டையால், எந்த அளவுக்கு நோட்டீஸால் என்று பிரிக்க முடியாது. பிரிக்கத் தேவையும் இல்லை, இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். படத்தில் இருந்த வண்டிகள் காம்ராவுடையவை அல்ல. தவணை கட்டிக்கொண்டே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த யாரோ சிலருடையவை. நிறுவனர் காம்ராவுக்குப் பதில் சொன்னார், வண்டிக்காரர்கள் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். சமூக ஊடகத்தில் ஒருவருக்குச் சொல்லும் பதில் ஊருக்குச் சொல்லும் பதில்.

2015-ல் மேகி நூடுல்ஸ் விவகாரத்தில் நடந்தது இதற்கு மறுகோடி. ஈயம் அளவுக்கு மீறி இருக்கிறது என்ற செய்தி பரவியபோது நெஸ்லே சண்டை போடவில்லை. எங்கள் பொருள் பாதுகாப்பானது என்ற அளவெடுத்த வாசகங்களோடு நின்றுகொண்டது. பிள்ளைக்கு நேற்றுத்தான் சமைத்துக் கொடுத்த தாய்க்கு ஆய்வகத்தின் மொழி ஆறுதல் தராது. ஜூன் 5-ம் தேதி உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. மறுபரிசோதனைகளில் தேறி, நவம்பரில் மேகி கடைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் நெஸ்லே தொனியை மாற்றியது. நாங்களும் உங்களைப் பிரிந்து தவிக்கிறோம் என்ற பொருளில் சின்னச் சின்னப் படங்களை வெளியிட்டது. அவை எடுபட்டன. ஆனாலும் நீதிமன்றத் தீர்ப்பு முதலில் வந்ததால்தான் அந்தப் படங்களுக்கு மதிப்பு. வரிசை மாறியிருந்தால் அவை கேலிக்கு ஆளாகியிருக்கும்.

முடிவெடுப்பவர் அறையிலேயே இருந்தார்

ஜெயித்தவர்கள் கதைக்கு வருவோம். விளம்பர வகுப்புகளில் சலிக்காமல் சொல்லப்படுவது ஓரியோ பிஸ்கட் கதை. 2013 பிப்ரவரி 3, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம். நடுவில் மின்சாரம் போய் 34 நிமிடம் ஆட்டம் நின்றது. இருட்டிலும் பிஸ்கட்டைப் பாலில் தோய்க்கலாம் என்று ஓரியோ ஒரு படத்தோடு ட்வீட் போட்டது. பல்லாயிரம் பேர் பகிர்ந்தார்கள். கோடிகள் கொட்டி எடுத்த தொலைக்காட்சி விளம்பரங்களைவிட மறுநாள் அதைப் பற்றித்தான் பேச்சு.

இதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம், சட்டென்று ஏதாவது எழுது என்பது. அன்றிலிருந்து எந்த நிகழ்ச்சிக்கும் எல்லா நிறுவனமும் ஏதாவது எழுதுகிறது. கிரிக்கெட்டில் ஜெயித்தால் சிமெண்ட் கம்பெனி வாழ்த்துகிறது, நடிகர் இறந்தால் தைல கம்பெனி தன் முத்திரையோடு அஞ்சலி செலுத்துகிறது. அந்த ட்வீட்டுக்குப் பின்னால் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. முந்தைய ஆண்டு தன் நூற்றாண்டை ஒட்டி ஓரியோ நாளுக்கொரு படமாக 100 நாள் தொடர்ந்து வெளியிட்டிருந்தது. அன்றன்றைய செய்தியைப் பிஸ்கட்டோடு கோக்கும் பழக்கம் அப்போதே கைவந்துவிட்டது. ஆட்டத்தன்று எழுதுகிறவர், வரைகிறவர், ஒப்புதல் தர வேண்டிய நிறுவன அதிகாரிகள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். ஒப்புதலுக்கு மெயில் அனுப்பிக் காத்திருந்தால் விளக்கு வந்திருக்கும்.

நம் நாட்டில் இதற்கு ட்விட்டரைவிடப் பல பத்தாண்டு மூத்த உதாரணம் இருக்கிறது. புள்ளிக் கவுன் போட்ட அமுல் சிறுமி 1966-லிருந்து அன்றாடச் செய்திக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள். விளம்பரப் பலகையில் தொடங்கியவள் இன்று கைப்பேசித் திரைக்கு வந்திருக்கிறாள். வேலை அதே வேலைதான். அதன் ரகசியம் அமுலை வழிநடத்திய வர்கீஸ் குரியன் செய்த ஓர் ஏற்பாட்டில் இருக்கிறது. சில்வெஸ்டர் டகுன்ஹாவின் விளம்பர நிறுவனத்துக்கு அவர் முழுச் சுதந்திரம் கொடுத்தார். ஒவ்வொரு விளம்பரத்தையும் தங்களிடம் காட்டி அனுமதி வாங்கத் தேவையில்லை என்றார். வழக்குகள் வந்தன, மிரட்டல்கள் வந்தன, ஏற்பாடு மாறவில்லை. வேகம் என்று நாம் வியப்பது உண்மையில் நம்பிக்கை. பேசுகிறவரிடமே முடிவையும் விட்டுவைத்தார்கள்.

எல்லாச் சத்தமும் புகார் அல்ல

காது வேண்டும் என்றால் கூச்சல் போடுகிறவர் பக்கமெல்லாம் சாய வேண்டும் என்று பொருளாகிவிடாது. 2019-ல் சர்ஃப் எக்செல் ஹோலி விளம்பரம் ஒன்றில், தொழுகைக்குப் போகும் சிறுவனின் வெள்ளைச் சட்டையில் கறை படாமல் ஒரு சிறுமி காப்பாற்றிக் கூட்டிப்போவாள். அதற்கு எதிராகக் கொதித்த கூட்டத்தில் சிலர் ஆப் ஸ்டோருக்குப் போய் மைக்ரோசாஃப்ட் எக்செல்லுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டினார்கள். சோப்புத்தூளுக்கும் கணக்குத் தாளுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள், அந்தத் தூளைக் கரைத்து ஒருமுறையாவது துணி துவைத்திருப்பார்களா? சர்ஃப் எக்செல்லைத் தயாரிக்கும் ஹிந்துஸ்தான் யூனிலீவர் விளம்பரத்தைத் திரும்பப் பெறவில்லை. சத்தம் தானே அடங்கியது.

அடுத்த ஆண்டு தனிஷ்க் நகை நிறுவனம், இந்து மருமகளுக்கு முஸ்லிம் மாமியார் வளைகாப்பு நடத்தும் விளம்பரத்தைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஊழியர்கள், கடைக்காரர்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டியது. பயந்துவிட்டார்கள் என்று எளிதாகச் சொல்லலாம். நகைக்கடைக்குக் கண்ணாடிக் கதவு இருக்கிறது, வாசலில் சம்பளத்துக்கு நிற்கும் மனிதர் இருக்கிறார். சோப்புத்தூள் மளிகைக் கடை அலமாரியில் நூறு பொருள்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். ஆனாலும் திரும்பப் பெற்றதில் ஓர் இழப்பு உண்டு: கூச்சல் பலிக்கும் என்று அடுத்த கூட்டம் கற்றுக்கொண்டது. இப்படிப்பட்ட படத்தை வெளியிடும் முன்பே, எதிர்ப்பு வந்தால் யார் எதைத் தாங்குவது என்று பேசி முடித்திருக்க வேண்டும். கொள்கை என்பது அந்தப் பேச்சுதான்.

இரவல் வாய், இரவல் நிலம்

சொந்த வாய் போதாமல் வாடகைக்கு எடுக்கும் வாய்தான் இன்ஃப்ளூயன்சர். புதிதாகத் திறந்த பிரியாணிக் கடையில் இலவசமாகச் சாப்பிட்டுவிட்டு "வேற லெவல்" என்று கண்ணை மூடுகிறவரை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த வாயின் மதிப்பே, அது காசுக்குப் பேசவில்லை என்ற நம்பிக்கைதான். காசு கொடுத்த கணமே அந்த மதிப்பு குறையத் தொடங்குகிறது. விளம்பரத் தரக் கவுன்சில் 2021-ல் இதற்கு வழிகாட்டு நெறிகள் வகுத்தது. 2023 ஜனவரியில் ஒன்றிய அரசும் விதிமுறை வெளியிட்டது. காசோ பொருளோ வாங்கியிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. சொல்கிறார்கள்தான், வரிசையாக நிற்கும் முப்பது ஹேஷ்டேக்குகளின் கடைசியில்.

நிலமும் இரவல்தான். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளை முன்னால் காட்டப்போவதாகவும் நிறுவனங்களின் பதிவுகள் குறையும் என்றும் அறிவித்தது. பல ஆண்டு உழைத்து லட்சம் ஃபாலோயர் சேர்த்தவர்கள், அதே ஆட்களைச் சென்றடையக் காசு கட்டிப் பூஸ்ட் பண்ண வேண்டிய நிலை முற்றியது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்களின் கடை ஒரே இரவில் காணாமல்போனது.

இவ்வளவு செலவும் பலிக்கிறதா? 2017-ல் உலகின் மிகப் பெரிய விளம்பரதாரர்களில் ஒன்றான பி அண்ட் ஜி, ஒரே காலாண்டில் இணைய விளம்பரத்தில் 10 கோடி டாலருக்கு மேல் குறைத்தது. விற்பனை வளர்ச்சியில் பாதிப்பு தெரியவில்லை என்றது. 2018-ல் பிரிட்டனின் வெதர்ஸ்பூன் மதுக்கூடச் சங்கிலி, சுமார் 900 கிளைகளின் சமூக ஊடகக் கணக்குகளையும் மூடியது. குறை இருந்தால் கிளை மேலாளரிடம் நேரில் சொல்லுங்கள் என்பது அவர்கள் வாதம். லஷ் அழகுசாதன நிறுவனம் 2021 நவம்பரில் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் உள்ளிட்டவற்றை விட்டு வெளியேறியது. அதற்கு முன் 2019-ல் பிரிட்டனில் ஒருமுறை விலகிப் பார்த்துத் திரும்பியிருந்தது. தெருவுக்குத் தெரு கிளை உள்ளவர்களுக்குத்தான் இந்தத் துறவு கட்டுப்படியாகும். புதிதாகக் கடை போடுகிறவர் இதைப் பின்பற்ற முடியாது.

இளம்பிள்ளையிலிருந்து ஒரு பாடம்

புதிதாகக் கடை போடுகிறவர்களைப் பார்க்க வேண்டுமானால் சேலத்தை அடுத்த இளம்பிள்ளைக்குப் போகலாம். நெசவும் சேலை வியாபாரமும் நிறைந்த ஊர். மொத்த வியாபாரி வாட்ஸ்அப் குழுவில் சேலைப் படங்களைப் போடுவார். எங்கோ ஒரு ஊரில் இருக்கும் ரீசெல்லர் பெண், தன் லாபத்தைச் சேர்த்து அதே படத்தைத் தன் ஸ்டேட்டஸில் வைப்பார். ஆர்டர் வந்தால் இளம்பிள்ளையிலிருந்தே பார்சல் போய்விடும். முதலீடு இல்லை, கடை வாடகை இல்லை. "அக்கா, இதே டிசைன்ல மயில் கழுத்துக் கலர் இருக்கா?" என்று கேட்டால் பதில் சொல்கிறவரே விற்கிறவர். வாய், காது, கை மூன்றும் ஒரே ஆளிடம். சின்ன வியாபாரம் இங்கே பெரிய நிறுவனத்தை ஜெயிக்கும் இடம் இதுதான்.

இதையும் புனிதமாக்கிவிட வேண்டாம். "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்ற வழக்கம் ஆளுக்கொரு விலை சொல்ல வழி வைத்திருக்கிறது. 2020-ன் மின் வணிக விதிகளோ முழு விலையை வெளிப்படையாகக் காட்டச் சொல்கின்றன. இன்னொரு வாசகம் இன்ஸ்டாகிராம் பொட்டிக்குகளில் எல்லாம் ஒட்டியிருக்கும்: "ஓப்பனிங் வீடியோ மஸ்ட்." பார்சலைப் பிரிக்கும்போதே, வெட்டாமல் நிறுத்தாமல் வீடியோ எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கிழிசல் இருந்தாலும் மாற்றித் தர மாட்டார்கள். ஏமாற்றிய சில வாடிக்கையாளர்களால் வந்த நிபந்தனைதான் இது. ஆனால் ஒரு கையில் கத்திரிக்கோல், மறு கையில் செல்போனோடு, வாங்கியவரே தன் நேர்மைக்குச் சாட்சி தயாரிக்க வேண்டியிருக்கிறது. ஆர்டர் எடுக்கும்போது "அக்கா", புகார் சொல்லும்போது "வீடியோ எங்கே?" அளவு பெருகப் பெருக, சின்னக் கடையிலும் வாய்க்கும் கைக்கும் நடுவே சுவர் எழும்புகிறது.

அறிக்கையில் இல்லாத கட்டம்

ஆக, சமூக ஊடகம் விளம்பரத்துக்கு உதவாது என்பது என் முடிவு அல்ல. பணமில்லாதவருக்கு அது கொடுத்த திண்ணையை வேறெதுவும் கொடுத்ததில்லை. அதன் குறை, நிறுவனங்கள் அதைத் தங்கள் கட்டமைப்பில் எங்கே வைத்திருக்கின்றன என்பதில் இருக்கிறது. விளம்பரத் துறையின் கீழ் வைத்தால் அது பேசிக்கொண்டே இருக்கும். சேவைத் துறையோடு ஒரே மேசையில் வைத்தால் கேட்கத் தொடங்கும். குறிப்பிட்ட தொகை வரை யாரையும் கேட்காமல் பணத்தைத் திருப்பவும், மெக்கானிக்கை அனுப்பவும் பதில் எழுதுகிறவருக்கு உரிமை கொடுத்தால் பாதிப் புயல்கள் கரை ஏறாது.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஏஜென்சிகள் மாதாமாதம் நிறுவனத்துக்கு ஓர் அறிக்கை தரும். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை லைக், எத்தனை கமெண்ட், ஃபாலோயர் எவ்வளவு கூடியது என்று வண்ண வரைபடங்களோடு இருக்கும். இந்த மாதம் வந்த குறைகளில் எத்தனை தீர்ந்தன என்ற கட்டம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு கட்டத்தைச் சேர்த்தாலே மற்றவை தானாக நேராகும்.

என் மிக்ஸியைத் தெருமுனை சர்வீஸ் கடையில் கொடுத்துச் சரிசெய்துகொண்டேன். அந்தப் பொங்கல் வாழ்த்தின்கீழ் என் கமெண்ட் இன்னும் கிடக்கிறது. அந்த மாத அறிக்கையில் அதுவும் ஒன்றாகக் கூட்டப்பட்டிருக்கும், "வாடிக்கையாளர் ஈடுபாடு" என்ற தலைப்பின்கீழ்.